அம்மாவுக்கு எப்போது ஓய்வு?

யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்வதில்லை என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) இந்த இராசிபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைச் செல்வங்களே!

'ஓய்வு பெற்றவர்களுக்கு மனநிறைவு தருவது பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருப்பதா, வெளியூர் போய்ச் சுற்றிப் பார்ப்பதா?' இதுதான் தலைப்பு. எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய ஐயா உருகி உருகிப் பேசினார். பேரன் தாத்தா மீசையைப் பிடிச்சு இழுக்கிறானாம். அதுல சொர்க்கம் தெரியுதாம். தெரியட்டுங்க, நல்லா இருக்கட்டும். நான் அவரை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க மீசையை நீட்டிக்கிட்டு சொர்க்கத்துல இருந்தப்போ, உங்க வீட்டு அம்மா எங்கே இருந்தாங்க? (சிரிப்பு, கைதட்டல்) அடுப்படியில! அந்தப் பேரனுக்குப் பருப்புச் சாதம் பிசைஞ்சிக்கிட்டு!

வெளியூர்னு பொதுவாச் சொன்னா, காசியா, காஷ்மீரான்னு எதிரணி மடக்குவாங்க. அதனால நான் ஒரே இடத்தைச் சொல்லிடறேன். கடல். கடற்கரை. அங்கே போய் மூணு நாள் சும்மா உட்கார்றது. இதுதான் என் கட்சி.

இராசிபுரத்துல நின்னுக்கிட்டு கடலைப் பத்திப் பேசறேனேன்னு நினைக்காதீங்க. இங்கேதான் பேசணும். இந்த ஊர்ல நெய் உண்டு. இராசிபுரம் நெய்னா அதுக்குத் தனிப் பேரே உண்டு. பட்டு நெய்தல் உண்டு. நெய்யும் இருக்கு, நெய்தலும் இருக்கு, நெய்தல் நிலம்தான் இல்லை! (கைதட்டல்) புதுச்சேரியோ கடலூரோ, பக்கத்துக் கடலே ரோடு வழியாப் போனா 200 கிலோமீட்டர் பக்கம் வரும். இதே ஊர்ல எழுபது வயசாகியும் கடலையே பார்க்காத தாய்மார்கள் இருக்காங்க. கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன், பக்கத்துல வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். (சிரிப்பு)

"ஏனம்மா, பக்கத்துல கொல்லிமலை இருக்கே, அங்கே போனா ஆகாதா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அருமையான மலை. ஆனா 70 கொண்டை ஊசி வளைவு! அது முடிஞ்சதுன்னு மூச்சு விட்டா, ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரம் படிக்கு மேல இறங்கணும். இறங்கிடலாமுங்க. ஏறணுமே! வாலிபத்துல மலைக்குப் போங்க, வேண்டாங்கலை. அறுபதுக்கு மேல கடல்தான் தோது. கடலுக்குப் படி கிடையாது. நீங்க அதுகிட்டப் போய் உட்கார்ந்தா, அதுவே உங்க கால்கிட்ட வரும். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் இலக்கியம் படிச்சவர். எழுந்திருச்சு என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். "சிலப்பதிகாரத்துல கோவலனும் மாதவியும் கடற்கரைக்குப் போய்த்தானே பிரிஞ்சாங்க"ம்பார். ஐயா, அவங்க போனது இளமையில. ஒருத்தர் பாட்டுல ஒருத்தர் குத்தம் கண்டுபிடிக்கிற வயசு. அறுபதுக்கு மேல சந்தேகப்பட என்னங்க மிச்சம் இருக்கு? (சிரிப்பு) அதை விடுங்க. அந்தக் கதையில நீங்க பார்க்காம விட்டது ஒண்ணு இருக்கு. கடலாட மாதவியைக் கூட்டிட்டுப் போனான். கட்டின கண்ணகியைக் கூட்டிட்டுப் போனானா? பூம்புகார்க்காரி, கடல் பக்கத்துலயே பிறந்தவ. அவளை அவன் கூட்டிட்டு நடந்தது மதுரைக்கு, அதுவும் சிலம்பை விக்கறதுக்கு! (பலத்த கைதட்டல்) அன்னிலேருந்து இன்னி வரைக்கும் வீட்டுக்காரியோட போற பயணம்னா அதுக்கு ஒரு வேலை இருந்தாத்தான் போறது. கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி, பிரசவம். சும்மா கூட்டிட்டுப் போற பழக்கம் நம்மகிட்ட இல்லை.

நடுவர்: ஏம்மா, நம்ம ஆளுங்க இராமேஸ்வரம் போறாங்களே, அது கடல் இல்லையா?

கேளுங்க ஐயா, நல்லா கேட்டீங்க. வயசான காலத்துல கடலுக்குப் போறது நம்ம ஊருக்குப் புதுசே இல்லை. இராமேஸ்வரத்து மணலை எடுத்துட்டுப் போய்ப் பிரயாகையில கரைச்சு, கங்கைத் தண்ணியைக் கொண்டு வந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் பண்ணின தலைமுறை நம்ம தலைமுறை. ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்துலேயே நடந்து போனாங்க. பாம்பன்ல ரயில் பாலம் வந்தது 1914-ல. போன 2025 ஏப்ரல்ல புதுப் பாலமும் திறந்தாச்சு. ஆனா போனவங்க என்ன பண்ணினாங்க? ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலம் அக்னி தீர்த்தத்துல மூணு முழுக்கு, அப்புறம் ஈரத்துணியோட 22 தீர்த்தம், சாமி கும்பிட்டு, மத்தியானம் பஸ். "கடல் எப்படி இருந்துச்சு அம்மாயி?"ன்னு கேட்டா, "திதி நல்லபடியா முடிஞ்சுது கண்ணு"ங்கறாங்க. (சிரிப்பு) நான் கடமையைக் குறை சொல்லலை. திதி கொடுங்க, கும்பிடுங்க. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு ராத்திரி தங்குங்க. அக்னி தீர்த்தத்துல அலை ரொம்ப அடிக்காது, வயசானவங்க கரையோரம் உட்கார நல்ல இடம். 2017-லிருந்து தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊர், சர்ச் சுவர் இன்னும் நிக்குது. அதைப் பார்த்துட்டு வந்து, மாலையில பேசாம உட்காருங்க.

வெள்ளைக்காரன்கூட முதல்ல கடலுக்குச் சும்மா போகலைங்க. அவனுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. இங்கிலாந்துல ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர், 1750-ல கடல் தண்ணிதான் மருந்துன்னு புத்தகம் எழுதினார். குளிக்க மட்டும் இல்லை, குடிக்கவும் சொன்னார்! (சிரிப்பு) அதை நம்பி ஜனங்க பிரைட்டன்ங்கிற மீன்பிடி ஊருக்குக் கூட்டம் கூட்டமாப் போனாங்க. நாளாவட்டத்துல மருந்து போச்சு, போற பழக்கம் நின்னுது. இன்னிக்குக் குளிர் நாட்டுல ரிட்டயர் ஆனவங்க மார்கழி பிறந்தா வெயிலைத் தேடிக் கிளம்பிடறாங்க. கனடாக்காரங்க ஃபுளோரிடாவுக்கு. ஐரோப்பாக்காரங்க கோவாவுக்கும் கேரளத்துக் கோவளத்துக்கும் நம்ம மாமல்லபுரத்துக்கும். எழுபது வயசுக் கிழவனும் கிழவியும் கையைக் கோத்துக்கிட்டு மணல்ல நடக்கறாங்க. நாம அதைப் பார்த்துச் சிரிக்கறோம். சிரிக்கறவங்க வீட்டுல, தாத்தா திண்ணையில, பாட்டி கொல்லைப்புறத்துல. பேச்சுவார்த்தை நின்னு பதினஞ்சு வருஷம் ஆச்சு. (சிரிப்பு)

நம்ம அம்மாக்களும் ஃபுளோரிடா இருக்கிற அமெரிக்காவுக்குத்தான் போறாங்க. மகளுக்குப் பிரசவம். ஆறு மாசம். திரும்பி வந்தவுடனே அக்கம்பக்கம் கேக்கறாங்க, "அமெரிக்காவுல என்ன பார்த்தீங்க?" என்னத்தைப் பார்த்தாங்க? டயப்பரைப் பார்த்தாங்க! (சிரிப்பு, கைதட்டல்) இங்கே கேஸ் அடுப்பு, அங்கே கரண்ட் அடுப்பு. அடுப்புதான் மாறுது.

இப்போ நான் விஷயத்துக்கு வர்றேன். ரிட்டயர்மென்ட், ரிட்டயர்மென்ட்னு பேசறோமே, அது யாருக்கு? அரசாங்கம் ஆர்டர் போட்டது ஐயாவுக்கு. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், ஆபீஸ் வண்டியில வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. அந்த வண்டியில வந்த இருபது பேருக்குக் காபி போட்டது யாரு? (சிரிப்பு) மறுநாள்லேருந்து ஐயா வீட்டுல இருக்கார். முன்னாடி பத்து மணிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போனவர் இப்போ பதினோரு மணிக்கு ஒரு காபி, மத்தியானம் சுடச்சுடச் சாப்பாடு, நாலு மணிக்கு "ஏதாவது கொறிக்க இருக்கா?" அவருக்கு வேலை முடிஞ்ச அன்னிக்குத்தான் இந்த அம்மாவுக்கு ஓவர்டைம் ஆரம்பம்! (பலத்த கைதட்டல்) வேலைக்குப் போன பெண்ணுக்கும் அதே கதைதான். ரெண்டு வேலையில ஒண்ணுலதான் ரிட்டயர் ஆவா.

இந்தப் பட்டறையில தறி ஓட்டறவர், ஜவ்வரிசி ஆலையில கிழங்கு உரிச்ச அம்மா, இவங்களுக்கெல்லாம் ரிட்டயர்மென்ட் ஆர்டரே கிடையாது. கை ஓய்ஞ்சா ஓய்வு. அவங்களையும் சேர்த்துத்தான் பேசறேன்.

எங்க தெருவில நடந்ததைச் சொல்றேன். ஒரு ஐயா, அரசாங்க ஆபீஸ்ல வேலை. அவர் வீட்டு அம்மாவுக்குக் கடலைப் பார்க்கணும்னு ஆசை. கன்னியாகுமரி போகணும், சூரியன் உதிக்கறதும் மறையறதும் ஒரே ஊர்ல பார்க்கணும்னு. ஐயா சொன்னார், "58-ல ரிட்டயர் ஆயிடறேன், 2020 மே மாசம். ஜூன்ல உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." 2020 மே மாசம் வந்தது. அரசாங்கம் ஓய்வு வயசை 59 ஆக்கிடுச்சு. கொரோனா வேற, யாரு எங்கே போறது? சரி, அடுத்த வருஷம்னார். 2021 பிப்ரவரியில 60 ஆக்கிடுச்சு. சம்பளம் வருதில்லையா, சந்தோஷம்தான். 2022 மே மாசம் ஒருவழியா மாலை போட்டு அனுப்பினாங்க. அவர் வயசை அரசாங்கம் ரெண்டு தரம் தள்ளி வச்சது. அந்த அம்மா முழங்காலை யாரும் தள்ளி வைக்கலையே! அது 58-லயே ரிட்டயர் ஆயிடுச்சு. (அரங்கில் அமைதி)

கன்னியாகுமரிக்குப் போக முடியலை. பாறைக்குப் போற படகுல ஏறி இறங்க முடியாது. மகன் சென்னையில இருக்கார், அங்கே போனாங்க. மெரினாவுல 2022 நவம்பர்ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு மரப்பாதை போட்டாங்க, ரோட்டுப் பக்கத்துலேருந்து அலைகிட்ட வரைக்கும். அதுவும் போட்ட சில நாள்ல டிசம்பர் மாண்டஸ் புயல்ல பிஞ்சு போச்சு. சரிபண்ணின பிறகு இவங்க போனாங்க. சக்கர நாற்காலியில வச்சு மகன் தள்ளிட்டுப் போனார். பாதை முடியற இடத்துல கடல் தெரியுது. அந்த அம்மா அரை மணி நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்களாம்: "தண்ணியில கால் நனைக்கணும்டா." பாதை தண்ணி வரைக்கும் போகலை. மகனும் அப்பாவும் ரெண்டு பக்கமும் தோள் கொடுத்து, ஈர மணல்ல நாலு எட்டு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. அலை வந்து நனைச்சுது. திரும்பி வந்து எங்ககிட்ட அந்த அம்மா கடலைப் பத்திச் சொன்னது ரெண்டு வார்த்தை. பாக்கியெல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? "அன்னிக்கு ஓட்டல்ல சாப்பிட்டோம். மூணு வேளையும். நாளைக்கு என்ன சமையல்னு யாருமே என்னைக் கேக்கலை." (நீண்ட கைதட்டல்)

இதுக்குத்தாங்க நான் கடல்ங்கறேன். மகன் வீட்டுக்குப் போனா அங்கேயும் ஒரு சமையல்கட்டு இருக்கு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா "நீங்க இருங்க, நான் நறுக்கறேன்"ன்னு அரிவாள்மனையை இழுத்து வச்சுக்கறா. கோயில் டூர் பஸ்ல போனா, விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி, மூணு நாள்ல ஒன்பது ஊர். திரும்பி வந்து ஒரு வாரம் படுக்கை. கடற்கரையில செய்யறதுக்கு வேலையே இல்லை! வேலையே இல்லாத ஒரு இடத்தைக் காட்டினாத்தான் நம்ம பெண்கள் உட்காருவாங்க.

நடுவர்: அது சரிம்மா, வயசானவங்களைக் கடலுக்குப் போங்கன்னு சொல்றீங்க. பயமா இருக்காதா?

பயம் வேணும் ஐயா. 2004 டிசம்பர் 26-ஐ யாரும் மறக்கலை. கடற்கரைக்காரங்களுக்குக் கடலைத் தெரியும். நாம ஏரியையும் கிணத்தையும் பார்த்து வளர்ந்தவங்க. கிணத்துல நீச்சல் அடிச்சவன்னு தைரியமா இறங்கறதுதான் ஆபத்து. கடல் இழுக்கும். அமைதியாத் தெரியற இடத்துலகூட அடியில இழுப்பு இருக்கும். கணுக்கால் நனைஞ்சாப் போதும், அதுக்கு மேல நமக்கு வேலை இல்லை. அந்த ஊர் மீனவர் "இங்கே இறங்காதீங்க"ன்னா இறங்காதீங்க.

இன்னொண்ணு, சர்க்கரை இருக்கிறவங்க கேட்டுக்கோங்க. இந்த அரங்கத்துல பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்றீங்க. (சிரிப்பு) ரொம்ப நாள் சர்க்கரை இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிடும். மத்தியான மணல் கொதிக்கும். சுடறது தெரியாமலே நடந்து, ராத்திரி பார்த்தா பாதம் பூரா கொப்புளம். அது புண்ணாச்சுன்னா ஆறாது. செருப்பில்லாம நடக்காதீங்க. காலையில எட்டு மணிக்குள்ள, சாயங்காலம் நாலரைக்கு மேல. நடுவுல அறையில படுத்துத் தூங்குங்க, அதுக்குத்தானே போயிருக்கோம்! பிரஷர் மாத்திரையைப் பெட்டியில வைக்காம கைப்பையில வச்சுக்கோங்க. ரூம் எடுக்கும்போது கீழ்த்தளமா, உட்கார்ற டாய்லெட் இருக்கான்னு கேட்டு எடுங்க. இதைக் கேக்க வெட்கப்பட்டவங்க அங்கே போய்ப் படற பாட்டை நான் மேடையில சொல்ல முடியாது. (சிரிப்பு)

எப்போ போறது? ஐப்பசி, கார்த்திகையில போகாதீங்க, கிழக்குக் கரையில புயல் சீசன். தையும் மாசியும் நல்ல மாசம். சித்திரையில நம்ம சேலம் வெயில்ல வெந்துக்கிட்டு இருக்கும்போது போனாலும் ஒரு சுகம் உண்டு. பகல்ல தரை சீக்கிரம் சூடாகும், தண்ணி அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரை மேல இருக்கிற காத்து சூடாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடல்லேருந்து குளிர்ந்த காத்து ஓடி வரும். மத்தியானத்துக்கு மேல அந்தக் காத்து வரும் பாருங்க, எந்த ஏசியும் கிட்ட நிக்க முடியாது. சித்திரா பௌர்ணமி அன்னிக்குக் கன்னியாகுமரியில ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறு பக்கம் நிலா ஏறும். திருவள்ளுவர் சிலை 133 அடி, 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறந்தது. விவேகானந்தர் பாறையிலேருந்து அதுக்கு 77 மீட்டர்ல கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில திறந்துட்டாங்க. பாறைக்குப் படகுல போயிட்டா, அங்கேருந்து சிலைக்கு நடந்தே போகலாம்.

சென்னைப் பக்கம் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோவளம்னு மூணு ஊர் இருக்கு. கேரளத்துல ஒண்ணு, கன்னியாகுமரிப் பக்கம் ஒண்ணு, செங்கல்பட்டு மாவட்டத்துல ஒண்ணு. மகன் ஒரு கோவளத்துல ரூம் போட, அப்பா வேற கோவளத்துல இறங்கிட்டா நான் பொறுப்பில்லை. (சிரிப்பு) சுத்தமான கடற்கரைக்குக் கொடுக்கிற நீலக்கொடிச் சான்று 2021-ல கிடைச்சது செங்கல்பட்டுக் கோவளத்துக்கு.

"செலவு யார் கொடுக்கறது?" இதுதானே எதிரணியோட கடைசி அஸ்திரம்? ஒத்துக்கறேன், ரயில்ல மூத்தோருக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சுல நின்னது, இன்னும் வரலை. ஆணுக்கு 40 சதவீதமும் பெண்ணுக்கு 50 சதவீதமும் குறைச்சுக் கொடுத்தாங்க. அது திரும்பி வரணும்னு இந்த மேடையிலேருந்தே கேக்கறேன். (கைதட்டல்) ஆனா கீழ் பெர்த் இருக்கு. 60 வயசான ஆணுக்கும் 45 வயசான பெண்ணுக்கும் இடம் இருக்கிற வரைக்கும் அதைத்தான் முதல்ல கொடுக்கறாங்க. வயசைச் சரியாப் போட்டு எடுங்க. சில அம்மாக்கள் அங்கேயும் 44-ன்னு எழுதறாங்க! (சிரிப்பு) நம்ம இராசிபுரத்துக்கே 2013-ல சேலம்–கரூர் பாதையில ஸ்டேஷன் வந்தாச்சு. ரிட்டயர்மென்ட் பணத்துல மகனுக்கு வீட்டுக்குக் கொடுத்தீங்க, மகளுக்கு நகைக்குக் கொடுத்தீங்க. வருஷத்துக்கு எத்தனை கல்யாணத்துக்கு மொய் எழுதறீங்க? அதுல நாலு மொய்யைச் சேர்த்தா ரெண்டு பேர் மூணு நாள் புதுச்சேரியில இருந்துட்டு வந்துடலாம். மகன்கிட்டக் கேக்காதீங்க. கேட்டா, "எதுக்குப்பா இந்த வயசுல?"ம்பான். டிக்கெட் எடுத்துட்டுச் சொல்லுங்க.

பேரனை நாங்க வேண்டாங்கலை ஐயா. பேரன் சம்மர் லீவுக்கு வருவான், அவனுக்கு நெய் ஊத்திச் சோறு போடுவோம். இந்த ஊர்ப் பேரைச் சுமந்துக்கிட்டு உலகம் சுத்தினவங்களே இருக்காங்க. ஆர்.கே.நாராயண், ஆர்.கே.லட்சுமண், அந்த 'ஆர்' நம்ம இராசிபுரம்தான். பேர் மைசூர் போச்சு, பம்பாய் போச்சு, லண்டன் வரைக்கும் போச்சு. இராசிபுரத்து ஆள் மட்டும் ஆத்தூர் தாண்ட மாட்டேங்கறாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க, பார்த்தேன். தை மாசத்துக்கு ரயில்ல முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னாடியே திறந்துடும். இன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில ஐயாமார்கள் அந்தத் தேதியை மட்டும் கணக்குப் போட்டுக்கோங்க. அம்மாகிட்ட, "என்ன சமைக்கப் போறே?"ன்னு கேக்கறதுக்குப் பதிலா, "எந்த ஊர்க் கடலுக்குப் போலாம்?"னு கேளுங்க. முதல்ல நம்ப மாட்டாங்க. ரெண்டாந்தரம் கேளுங்க.